பின்னணிக் குரல்கள் வெறும் அலங்காரமா?
பிரிட்டிஷ் ராக் பாடகர் டேவிட் போவி 1974-75இல் ராக்கை விட்டு, அமெரிக்கக் கறுப்பினத்தவரின் சோல் இசைக்குத் தாவியபோது பின்னணிப் பாடகர்கள் வெறும் அலங்காரம்தான் என்று இந்தக் கட்டுரை சொல்வதை ஏற்க முடியவில்லை. அப்போது வந்த 'யங் அமெரிக்கன்ஸ்' ஆல்பத்தின் தலைப்புப் பாடலை ஹெட்போனில் கேளுங்கள், அந்தக் கூட்டுக் குரல்களை எடுத்துவிட்டால் பாட்டே நிற்காது. ஃபிலடெல்ஃபியாவின் சிக்மா சவுண்ட் ஸ்டுடியோவில் நடந்த பதிவுக்கு கிட்டார் கலைஞர் கார்லோஸ் அலோமர் தன் மனைவி ராபின் கிளார்க்கையும் நண்பர் லூதர் வான்ட்ராஸையும் கூட்டி வந்தார். வான்ட்ராஸ் அப்போது பிரபலமே இல்லை. அவர் ஓரமாக நின்று பாடிப் பார்த்த ஒரு மெட்டு போவியின் காதில் விழ, கடைசியில் குரல் அமைப்புப் பொறுப்பே அவரிடம் போனது. அது மட்டுமா, அந்த ஆல்பத்தின் 'ஃபேசினேஷன்' பாடலே வான்ட்ராஸின் பாட்டு ஒன்றிலிருந்து பிறந்ததுதான், எழுதியவர்கள் வரிசையில் அவர் பெயரும் இருக்கிறது. அலங்காரத்துக்கு வந்தவருக்கு யார் அந்த இடம் கொடுப்பார்கள்? மேலே கருத்துப் பகுதியில் ஒரு நண்பர், போவி 'கறுப்பினத்தவர் இசையைச் சுரண்டினார்' என்று எழுதியிருக்கிறார். சரி, அந்தக் கேள்வி நியாயமானது, போவியே தன் இசையை 'பிளாஸ்டிக் சோல்', அதாவது அசல் இல்லாத சோல், என்று சொன்னவர். ஆனால் அந்தக் காலச் சுற்றுப்பயணத்தில் போவி மேடையேறும் முன் இதே பாடகர்கள் தனியாகப் பாடினார்கள் என்பதையும் அந்த நண்பர் கணக்கில் சேர்க்க வேண்டும்.