"கவனக்குறைவு" என்று எழுதுவதை நிறுத்துங்கள்

பெங்களூரு பீன்யாவில் பிரஸ் ஷாப் (உலோகத் தகட்டை மிஷினில் அடித்து வெட்டி வளைக்கும் பட்டறை) நடத்துகிறவர்களுக்கும் அங்கே சூப்பர்வைசராக இருக்கும் நம்ம ஆட்களுக்கும் இந்தப் பதிவு. கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கமிருந்து வந்து லக்கரேயிலும் ராஜகோபால் நகரிலும் வாடகைக்கு இருந்துகொண்டு ஷிப்ட் போகிறவர்களும் படியுங்கள்.

பிரஸ்ஸில் விரல் போனால், விபத்துப் பதிவேட்டில் 'காரணம்' என்ற இடத்தில் வழக்கமாக விழும் சொல் ஒன்றுதான்: ஆபரேட்டரின் கவனக்குறைவு. அதை எழுதியதுமே விசாரணை முடிந்துவிடுகிறது. மறுநாள் அதே மிஷின், அதே பெடல், வேறு ஆள். ஒரு ஷிப்டில் ஆயிரக்கணக்கான தடவை டைக்குள் (தகட்டை வடிவமாக்கும் அச்சு) கையை விட்டு எடுக்கச் சொல்லிவிட்டு, ஒரு தடவைகூடத் தப்பக் கூடாது என்று மனிதனிடம் கேட்பது அநியாயம். கை உள்ளே போகவேண்டிய தேவையே இல்லாமல் செய்வதுதான் பாதுகாப்புத் திட்டம்.

சின்ன ஷெட்டுகளில் நிறைய ஓடுவது கீ கிளட்ச் பிரஸ். பெடலை மிதித்து, சுற்றும் சக்கரத்தோடு கீ என்ற இரும்புத் துண்டு மாட்டிக்கொண்டால், ராம் (தகட்டின்மேல் இறங்கி அடிக்கும் பாகம்) ஒரு முழுச் சுற்றை முடிக்காமல் நிற்காது. பாதியில் நிறுத்த வழியே கிடையாது. அதனால் இந்த வகைக்கு லைட் கர்ட்டன் (கை குறுக்கே வந்தால் மிஷினை நிறுத்தும் ஒளிக்கதிர்த் திரை) வாங்கி மாட்டுவது வீண் செலவு. கதிர் மறைந்தாலும் ராம் இறங்கத்தான் செய்யும். பிரிக்‌ஷன் கிளட்ச் பிரஸ்ஸுக்கு, அதாவது ராமைப் பாதியிலும் பிரேக் போட்டு நிறுத்தக்கூடிய வகைக்கு, மட்டுமே அது உதவும். அங்கேயும் தூரக் கணக்கு உண்டு. கை நகரும் வேகம் நொடிக்கு 1.6 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், ராம் நிற்க 0.3 நொடி ஆகும் மிஷினில் திரை டையிலிருந்து குறைந்தது 480 மில்லிமீட்டர் தள்ளி இருக்க வேண்டும். பிரேக் தேயத் தேய அந்த 0.3 கூடிக்கொண்டே போகும். வாங்கிய நாளில் அளந்ததோடு விட்டுவிட்டால் திரை இருந்தும் கை போகும்.

கீ கிளட்ச்சில் ரொம்பக் கொடூரமானது இரட்டை அடி. ஒரு மிதிக்கு ராம் இரண்டு முறை இறங்கிவிடும். பீஸை எடுக்கக் கை உள்ளே போயிருக்கும் நேரம் அது. கீ முனை தேய்ந்திருக்கும், ஒரு சுற்று முடிந்ததும் கீயை விடுவிக்கும் லாட்ச்சின் ஸ்பிரிங் உடைந்திருக்கும், அல்லது பிரேக் லைனிங்கில் எண்ணெய் இறங்கியிருக்கும். இதில் ஆபரேட்டரின் கவனம் எங்கே வருகிறது? லாட்ச்சுக்கு இழுவை ஸ்பிரிங் போட்டிருந்தால் அது உடைந்ததும் லாட்ச் திரும்பாது. குழாய்க்குள் உட்காரும் அழுத்த ஸ்பிரிங்காக மாற்றினால், உடைந்தாலும் ஓரளவு தள்ளிக்கொண்டிருக்கும். மாற்ற வேண்டியது இவ்வளவு சின்ன சாமான்தான். ஷிப்ட் தொடங்கும்போது கையை வெளியே வைத்துக்கொண்டு பெடலை மிதித்து, காலை எடுக்காமல் பாருங்கள். ராம் ஒரே முறை இறங்கி மேலே வந்து நிற்க வேண்டும். மறுபடி இறங்கினாலும், உச்சியைத் தாண்டிச் சரிந்தாலும், மெயின் சுவிட்சை அணைத்துப் பூட்டி ஃபிட்டரைக் கூப்பிடுங்கள். டெலிவரி அவசரம் என்று ஓட்டாதீர்கள்.

ஷீட்டைப் பட்டையாகத் தள்ளும் வேலைக்கு டையைச் சுற்றி நிலையான கார்டு (தடுப்பு) போதும். ஷீட் நுழையும் இடைவெளி 6 மில்லிமீட்டருக்குள் இருந்தால் விரல் போகாது. தனித்தனி பீஸாக வைப்பதற்கு இழுத்துத் தள்ளும் தட்டு செய்துகொள்ளலாம். அதுவும் முடியாத வேலைக்குக் காந்தக் குச்சி, அலுமினிய இடுக்கி. இரும்பு இடுக்கி சிக்கினால் டை உடையும் என்று பயந்தே ஆபரேட்டர்கள் கையை விடுகிறார்கள். இரண்டு கை பட்டன் போட்டால், ஒன்றில் சில்லு சொருகி வைத்து ஓட்ட முடியாதபடி, ஒவ்வொரு அடிக்கும் இரண்டையும் விட்டு மறுபடி அழுத்தினால்தான் வேலை செய்யும் சர்க்கியூட்டாகக் கேளுங்கள். பின்பக்கம் ஹெல்பர் நின்றால் அவருக்கும் தனியாக ஒரு ஜோடி வேண்டும்.

டை மாற்றும்போது மோட்டாரை அணைத்தாலும் பிளைவீல் (கனமான சுழல் சக்கரம்) சுற்றிக்கொண்டேதான் இருக்கும். அது முழுசாக நின்ற பிறகு, ராமுக்கு அடியில் முட்டுக்கட்டை வைத்துவிட்டுத்தான் கை போக வேண்டும். மெயின் சுவிட்ச் பூட்டின் சாவி வேலை செய்பவர் பாக்கெட்டில் இருக்கட்டும்.

மார்ச் 4, தேசியப் பாதுகாப்பு தினத்தன்று பேனர் கட்டி எல்லாருக்கும் கையுறை கொடுக்கிறார்கள். ஷீட் ஓரம் கிழிக்காமலிருக்க நல்லதுதான். ஆனால் அதே கையுறையோடு டிரில்லிங் மிஷினுக்குப் போனால், சுற்றும் பிட் துணியைப் பிடித்துக் கையையே இழுத்துவிடும். எந்த மிஷினில் போடக் கூடாது என்பதை அவரவர் மொழியில் சொல்லுங்கள். இன்று பீன்யாவில் தமிழும் கன்னடமும் மட்டும் போதாது. ஒடியாவும் இந்தியும் வேண்டும். எழுதி ஒட்டுவதைவிட முதல் நாளே மிஷின் பக்கத்தில் நின்று செய்துகாட்டுவது மேல்.

விரல் தப்பிய சம்பவங்களையும் எழுதி வையுங்கள். சொன்னவரைத் திட்டினால், இன்சென்டிவைப் பிடித்தால், அடுத்த முறை யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் இருக்கும், தொழில் பாதுகாப்பு பற்றிய புதிய சட்டத்தொகுப்பில், மின்சாரத்தில் இயங்கும் இடம் 'தொழிற்சாலை' ஆக 20 பேர் வேண்டும். முன்பு 10 பேர் போதும். 12, 15 பேர் வேலை செய்யும் ஷெட்டுகள் அந்த வரையறைக்கு வெளியே போய்விட்டன. இது எனக்குப் பெரிய கவலை. விரல் அதிகம் போவது இப்படிப்பட்ட ஷெட்டுகளில்தான். ஆனால் ESI-க்கு (தொழிலாளர் அரசுக் காப்பீடு) 10 பேர் போதும். வேலையில் சேர்ந்த அன்றே பெயரைப் பதியுங்கள், விபத்துக்குப் பிறகு அவசரமாகப் பதிவதற்கு ஓடாதீர்கள். கட்டைவிரல் முழுசாகப் போனால் சம்பாதிக்கும் திறனில் 30 சதவீதம் இழப்பு, ஆள்காட்டி விரலுக்கு 14 சதவீதம் என்று சட்ட அட்டவணையே கணக்கு வைத்திருக்கிறது. காரணம் 'கவனக்குறைவு' என்று எழுதியிருந்தாலும் அந்த இழப்பீட்டு உரிமை போகாது.

கடைசியாக ஒன்று, எல்லா ஷாப்பிலும் ஒட்டி வையுங்கள். அறுந்த விரலை ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக்கிக் கட்டி, அந்தப் பையை ஐஸ் தண்ணீரில் வைத்து, ஆளோடு சேர்த்துக் கொண்டுபோங்கள். ஐஸ்மேல் நேராக வைத்தால் சதை உறைந்து கெட்டுவிடும், அப்புறம் ஒட்டவைக்க முடியாது.