நாப்பது விட்டோம், மீதி எங்க போய் விழுந்துச்சு?

ரெண்டு மாசம் முன்னாடி, மாசி கடைசியில, எங்க பெரியப்பா பையன் கல்யாண ரிசப்ஷன். மரக்காணம் பக்கம் கடலோரமா ஒரு இடம். சாப்பாடு முடிஞ்சதும் ஈவன்ட்காரங்க ஆளுக்கொரு ஸ்கை லேன்டர்ன், அதான் வானத்துல பறக்கவிடுற பேப்பர் விளக்கு, குடுத்தாங்க, மொத்தம் நாப்பது. பேப்பர் பையை விரிச்சு, அடியில கம்பி வளையத்துல இருக்குற மெழுகு வில்லையைப் பத்தவச்சு, உள்ள சூடு ஏறுற வரைக்கும் விளிம்பைப் புடிச்சுக்கிட்டு நின்னு, அப்புறம் விடணும். நானும் விட்டேன், வீடியோ எடுத்தேன், அவ்ளோ அழகா இருந்துச்சு, அதை மறைக்கல.

கடக்காத்து ஒரு தள்ளு தள்ளுச்சு. ஒண்ணு அப்படியே சாய்ஞ்சு பேப்பர்லயே தீ புடிச்சு மதிலுக்கு அந்தாண்ட சவுக்குத் தோப்புல போய் விழுந்துச்சு. சவுக்குத் தோப்புக்குள்ள நடந்தவங்களுக்குத் தெரியும், கீழ சருகு மெத்தை மாதிரி கெடக்கும், காஞ்சு போயி, ஒரு பீடித் துண்டு போதும். நாங்க கேன் தண்ணியத் தூக்கிட்டு மதில் ஏறிக் குதிக்கிறதுக்குள்ள தோப்புக் காவலுக்கு இருந்த பெரியவர் பச்சைக் கிளையை ஒடிச்சு அடி அடின்னு அடிச்சுக்கிட்டு இருந்தார். ஒரு கட்டில் அளவுக்குக் கருகுனதோட நின்னுச்சு. அவர் எங்களைத் திட்டல. மூச்சு வாங்கிக்கிட்டே, "ஏம்பா, மீதியெல்லாம் எங்க போய் விழுந்துச்சு?"ன்னு மட்டும் கேட்டார்.

ஒருத்தர்கிட்டயும் பதில் இல்ல. காத்து மேற்கால அடிச்சுது, அந்தப் பக்கம் கீத்துக் கொட்டாய், வைக்கோல் போர், மாட்டுக் கொட்டகைன்னு ஊர் ஊரா இருக்கு. அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரல, போனை எடுத்துத் தேட ஆரம்பிச்சதுல தான் ஜெர்மனியில கிரேஃபெல்ட் ஊர் ஜூவைப் பத்திப் படிச்சேன். 2020 புத்தாண்டு பொறந்த ராத்திரி, ஒரு லேன்டர்ன் அங்க குரங்குகளுக்கான கட்டடத்து மேல இறங்கிடுச்சு. ஒராங்குட்டான், கொரில்லா, சிம்பன்சின்னு 30க்கும் மேல உயிர் உள்ளயே போயிடுச்சு, பாலி, லிம்போன்னு ரெண்டு சிம்பன்சி மட்டும் பொழைச்சுது. விட்டது ஒரு அம்மாவும் அவங்க ரெண்டு பொண்ணுங்களும். நியூஸைப் பாத்துட்டு அவங்களே போலீஸ்ல போய் நின்னாங்க. கெட்டவங்க இல்லைங்க. நம்மள மாதிரி தான், ஆன்லைன்ல கிடைக்குது, அப்போ தப்பில்லன்னு நம்பி 5 வாங்கியிருக்காங்க.

இதுல என் மனசை அறுக்குறது என்னன்னா, அந்த மாநிலத்துல லேன்டர்ன் விடக் கூடாதுன்னு 2009லயே தடை போட்டாச்சு, அதுக்குக் காரணமே ஒரு லேன்டர்னால வீடு எரிஞ்சு 10 வயசுப் பையன் செத்தது தான். அப்படியும் பத்து வருஷத்துக்கு மேல கழிச்சு இது நடந்திருக்கு. அதனால தான் சொல்றேன், பறக்கவிடத் தடைன்னு ஒரு ஆர்டர் போட்டுட்டுப் போனா பத்தாது, விக்கிறதையே நிறுத்தணும். ஆஸ்திரேலியாவுல 2011லயே விற்பனைக்குத் தடை வந்துடுச்சு. கடையிலயும் ஆன்லைன்லயும் இல்லன்னா எங்க ஈவன்ட்காரர் நாப்பது பீஸ் எங்கேர்ந்து எடுத்துட்டு வரப் போறார்?

"அப்போ தீபாவளி ராக்கெட்டையும் நிறுத்தச் சொல்லுவியா"ன்னு ஒரு மச்சான் கேட்டான். ராக்கெட்டும் கூரையில விழுது, வாஸ்தவம் தான், ஆனா நம்ம தெருவுலயோ அடுத்த தெருவுலயோ விழும், பாத்துட்டு ஓடலாம். கார்த்திகைக்கு சொக்கப்பனை கொளுத்துறோமே, எவ்வளவு பெரிய நெருப்பு அது, ஆனா பக்கத்துல கூரை இல்லாத இடமா பாத்து நடுவாங்க, ஊரே சுத்தி நிக்கும், தணியுற வரைக்கும் ஆள் இருக்கும். லேன்டர்ன் அப்படியா? பத்தவச்சவன் கை தட்டிட்டு ஐஸ்க்ரீம் சாப்புடப் போயிடுறான், அது கிலோமீட்டர் கணக்குல போயி யாரோ தூங்குற வீட்டு மேல இறங்குது. இங்கிலாந்துல ஸ்மெத்விக்ல 2013ல ஒரே ஒரு லேன்டர்ன் பிளாஸ்டிக் மறுசுழற்சி யார்டுல இறங்கி 1 லட்சம் டன் எரிஞ்சுது, அது இறங்குறது சிசிடிவியில பதிவாயிருந்துச்சு, இல்லன்னா லேன்டர்னால தான்னு தெரிஞ்சிருக்குமான்னே சந்தேகம். டாக்காவுல மெட்ரோ ஓட ஆரம்பிச்சு ஒரு வாரம் கூட ஆகல, 2023 புத்தாண்டுக்கு விட்ட லேன்டர்னெல்லாம் கரன்ட் கம்பியில மாட்டி ரயிலையே நிறுத்த வேண்டியதாப் போச்சு.

தைவான்ல பிங்ஷீல விடுறாங்களேன்னும் கேக்குறாங்க. அது மழை ஊர், மலைக்கு நடுவுல, அதுக்குன்னு இடம் ஒதுக்கியிருக்காங்க. நம்மூரு மாசி, பங்குனி வறட்சியும் அதுவும் ஒண்ணா? இன்னும் சில பேர் "இது மக்கிப் போற பேப்பர், எக்கோ ஃப்ரெண்ட்லி"ன்னு விக்கிறாங்க. பேப்பர் மக்கும், சரி, உள்ள எரியுற நெருப்பு?

இப்போ வைகாசியில எங்க அத்தை பொண்ணு கல்யாணம். பேக்கேஜ் லிஸ்ட் வாட்ஸ்அப்ல வந்துச்சு, கடைசி வரியில "ஸ்கை லேன்டர்ன் - 50". மாமாவுக்கு போன் பண்ணி சவுக்குத் தோப்புக் கதையைச் சொன்னேன், "அட்வான்ஸ் குடுத்தாச்சேப்பா"ன்னு இழுத்தார். அந்த அம்பதுக்கான காசை நானே தந்துடுறேன் மாமா, அந்த வரியை மட்டும் அடிச்சிடச் சொல்லுங்கன்னு கேட்டிருக்கேன். இன்னும் சரின்னு சொல்லல, சாயங்காலம் மறுபடியும் கூப்புடப் போறேன்.