எத்தியோப்பியாவிலிருந்து வந்த எங்கள் சார்

வெளிநாட்டில் ஆங்கிலம் கற்பித்த தன் ஆசிரியரைப் பற்றி ஒருவர் எழுதிய கட்டுரையைப் படித்ததும் எங்கள் ஆங்கில சார் கண்முன் வந்துவிட்டார். அவர் எத்தியோப்பியாவில் வேலை பார்த்துத் திரும்பியவர். அந்தக் காலத்தில் இந்திய ஆசிரியர்கள் ஏராளமானோர் அங்கே போனார்கள். உயர்நிலை வகுப்புகளில் பாடமொழி ஆங்கிலம்தான்.

ஒருநாள் எத்தியோப்பியாவில் பேசப்படும் அம்ஹாரிக் மொழியின் எழுத்துகளைக் கரும்பலகையில் எழுதிக் காட்டினார். நம் உயிர்மெய் மாதிரியே, ஒவ்வொரு மெய்க்கும் 7 வடிவங்கள். வினைச்சொல்லும் நம்மைப் போலவே வாக்கியத்தின் கடைசியில் வரும். அதனால் அங்குள்ள பிள்ளைகளும் ஆங்கிலத்தில் வினைச்சொல்லைக் கடைசியில் போட்டு, நாங்கள் செய்த அதே தவறைத்தான் செய்வார்களாம். "இது மக்குத்தனம் இல்லடா, தாய்மொழிப் பழக்கம்" என்றார். அதுவரை ஆங்கிலப் பாடத்தில் அடி வாங்கியே பழகிய எனக்கு அழுகையே வந்துவிட்டது.

எழுத்துப்பிழைக்கும் அவர் திட்டியதில்லை. கடனைக் குறிக்கும் 'டெட்' (debt) என்ற சொல்லில் ஒலிக்காத 'பி' எதற்கு என்று கேட்டேன். லத்தீன் மூலத்தைக் காட்டுவதற்காகப் படித்தவர்கள் பிற்காலத்தில் செருகியதாம். அப்புறம் தீவைக் குறிக்கும் 'ஐலண்ட்'டில் (island) உள்ள 'எஸ்'. அந்தச் சொல் லத்தீனிலிருந்து வரவே இல்லை. வேறொரு சொல்லோடு குழப்பிச் சேர்த்துவிட்டார்கள். மொழியே தவறு செய்திருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் எனக்கு ஆங்கிலப் பயம் விட்டது.

சார் இறந்த செய்தி எனக்கு இரண்டு மாதம் கழித்துத்தான் கிடைத்தது. இன்றும் 'ஐலண்ட்' என்று எழுதினால் அந்த 'எஸ்'ஸில் கை ஒரு நொடி நிற்கிறது.