நாற்பது விநாடியும் நாற்பது நிமிடமும்

எழுத வேண்டாம் என்று மூன்று நாள் பொறுத்துப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை மொட்டைமாடியில் நடந்தது நம் வட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். மாதம் ஒருவர் தனக்குப் பிடித்த ஆல்பத்தைப் போடும் நம் சுற்றில் இந்த முறை நான் போட்டது த்ராபிங் கிரிஸல் என்ற இங்கிலாந்துக் குழுவின் ஆல்பம். பாதியில் நிறுத்திவிட்டார்கள், நண்பர் ஒருவர் அதைக் கேலி செய்து வீடியோவும் போட்டுவிட்டார். வராதவர்களுக்கும் அந்த வீடியோ வந்து சேர்ந்திருக்கும். இன்று காலை பால் வாங்கப் போன இடத்தில், பாட்டுக்கும் தனக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லாத என் சித்தப்பா மகன், "என்னண்ணே, மாடியில மிக்ஸி கச்சேரியாமே?" என்று கேட்டான். சரி, இனி எழுதாமல் இருந்தால் எனக்குத் தூக்கம் வராது.

வீடியோவில் ஓடுவது அந்த ஆல்பத்தின் இரண்டாவது பாட்டான 'பீச்சி ஹெட்'. நண்பர் அதன் மேல் தன் வீட்டு மிக்ஸி சுற்றுவதை ஒட்டி, "தேங்காய்ச் சட்னி ரெடி" என்று எழுதி, சிரிக்கிற பொம்மை மூன்று போட்டிருக்கிறார். மொத்தம் நாற்பது விநாடி. முதல் தடவை பார்த்தபோது நானும் சிரித்தேன், மறைக்கவில்லை. ஆனால் மாடியில் இருந்த ஒன்பது பேரில் அந்த ஆல்பத்தைக் கேட்டவர் எத்தனை பேர்? நான்காவது பாட்டு முடிவதற்குள் ஒயரைப் பிடுங்கியாயிற்று. மீதி ஏழு பாட்டு யார் காதிலும் விழவில்லை. தீர்ப்பு மட்டும் ஊர் முழுக்கப் போய்விட்டது.

நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான். கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். பிடிக்கவில்லை, தலைவலி, காசு கொடுத்தாலும் வேண்டாம், எதுவாக வேண்டுமானாலும் சொல்லுங்கள். நாற்பது நிமிடம் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

த்ராபிங் கிரிஸல் குழுவின் '20 ஜாஸ் ஃபங்க் கிரேட்ஸ்' 1979 டிசம்பரில் வந்தது. தலைப்பில்தான் இருபது, உள்ளே பதினோரு பாட்டு. ஜாஸும் கிடையாது, ஃபங்கும் கிடையாது. அட்டையில் நான்கு பேர் நல்ல பிள்ளைகளாகப் புல்வெளியில் நிற்கிறார்கள், பின்னால் கடல். குடும்பச் சுற்றுலாப் படம் என்று நினைப்பீர்கள். அந்த இடம் இங்கிலாந்தின் தென்கரையில் இருக்கும் பீச்சி ஹெட். 160 மீட்டர் உயரச் சுண்ணாம்புப் பாறை, தற்கொலைக்குப் பேர்போன இடம். கடையில் மலிவு விலைக் கூடையில் கிடக்கும் இசைத்தட்டு மாதிரி தெரிய வேண்டும் என்றே அப்படி எடுத்தார்கள். இனிமையான பாட்டு என்று நம்பி யாராவது வாங்கிப் போய் ஏமாற வேண்டும். மேலோட்டமாகப் பார்த்து முடிவு கட்டுகிறவருக்கு வைத்த பொறி அது. நாற்பது வருஷத்துக்கு மேல் கழித்து, நம் மாடியில் ஒருவர் தானாக வந்து அதில் கால் வைத்தார்.

இப்போது அந்த 'மிக்ஸி' பாட்டுக்கு வருவோம். அடியில் காற்றா அலையா என்று பிரிக்க முடியாத ஓர் இரைச்சல். மேலே கடற்காகம் கத்துவது போல ஒன்று எழுந்து அடங்குகிறது. தாளம் இல்லை, பாடுகிறவர் இல்லை. அட்டையில் பார்த்த அதே பாறை உச்சிதான், ஆனால் நால்வரும் கிளம்பிப் போய்விட்டார்கள், நீங்கள் மட்டும் நிற்கிறீர்கள். இரவில் விளக்கை அணைத்துவிட்டு ஒருமுறை கேளுங்கள், சட்னி ஞாபகம் வருகிறதா பார்ப்போம்.

"சத்தம் வேறு, இசை வேறு" என்று கீழே எழுதப் போகிறீர்கள். தெரியும். அன்றைக்கே இரண்டு பேர் சொல்லியாயிற்று. அதற்கு என் மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

மாமா திண்டுக்கல்லில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தார். பள்ளி விடுமுறை முழுக்க எனக்கு அங்கேதான் பொழுது போகும். ஈயம் உருகும் வாசனை, மேசை நிறையப் பல் இளித்துக் கிடக்கும் டேப் ரிக்கார்டர்கள். யாராவது ஒரு செட்டைக் கொண்டுவந்து "பாடமாட்டேங்குது" என்று வைத்தால், மாமா உடனே ஸ்க்ரூவைக் கழற்ற மாட்டார். ஆன் செய்து, வால்யூமைக் கூட்டி, கண்ணை மூடிக்கொள்வார். ஸ்பீக்கரில் 'ங்ங்ங்' என்று ஹம் மட்டும் வரும். கொஞ்ச நேரம் அதைக் கேட்டுவிட்டு, "கண்டன்சர் போச்சு" என்பார். வேறொரு செட்டில் அதே 'ங்ங்ங்', எனக்கு வித்தியாசமே தெரியாது. "இது எர்த் இல்லாத சத்தம், ஒயரைப் பாரு" என்பார். திறந்து பார்த்தால் பெரும்பாலும் அவர் சொன்னதுதான். எல்லோரும் பாட்டு வரவில்லையே என்று நிற்கும்போது, அந்த மனிதர் வருகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். "எரிச்சலா இருக்கேன்னு மூடிட்டா ரிப்பேர் பண்ண முடியாதுடா" என்று ஒருமுறை சொன்னார். அவர் பெரிய தத்துவம் எதுவும் சொல்லவில்லை, தொழிலைத்தான் சொன்னார்.

அவர் பழைய எலெக்ட்ரானிக்ஸ் பத்திரிகைகளைச் சேர்த்து வைத்திருப்பார். அதில் வரும் சர்க்யூட்டைப் பார்த்து ஆம்ப்ளிஃபையர் கட்டி, கோயில் விழாவுக்கு வாடகைக்கு விடுவார். பல வருஷம் கழித்து இந்தக் குழுவைப் பற்றிப் படித்தபோது எனக்குச் சிலிர்த்தது அதனால்தான். குழுவில் கருவிகளைக் கட்டியவர் கிறிஸ் கார்ட்டர். ராய் க்வின் என்பவர் 1975இல் 'பிராக்டிகல் எலெக்ட்ரானிக்ஸ்' இதழில் கொடுத்த கிட்டார் எஃபெக்ட் சர்க்யூட்டை எடுத்து, தன் கைப்பக்குவத்தில் மாற்றிக் கட்டினார். அதற்குக் கிரிஸலைசர் என்று பெயர் வைத்தார்கள். கிட்டார், குரல் என்று எதை அதற்குள் விட்டாலும் நடுங்கி, கிழிந்து வெளியே வரும். குழுவின் அந்த அடையாளச் சத்தம் ஒரு பத்திரிகைப் பக்கத்திலிருந்து கிளம்பியது. இன்னொரு உறுப்பினர் பீட்டர் கிறிஸ்டோபர்சன். கட்டையை அழுத்தினால் கேசட் கருவிகள் ஓடும்படி அவருக்கு ஒரு கீபோர்டு கட்டிக் கொடுத்ததும் கார்ட்டர்தான். பதிவு செய்த சத்தத்தைக் கட்டையில் வாசிக்க உதவும் சாம்ப்ளர் கருவியைக் கடையில் கேட்டு வாங்க முடியாத காலம் அது. மாமா பார்த்திருந்தால் பாட்டைப் பற்றி என்ன சொல்லியிருப்பாரோ, சால்ட்ரிங்கைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லியிருப்பார்.

மாடியில் ஒருவர் சொன்ன மாதிரி, "யார் வேணும்னா பட்டனைத் தட்டி இதைப் பண்ணலாம்" என்றால் பண்ணிக் காட்டுங்கள். காத்திருக்கிறேன்.

இந்த இசைக்கு 'இண்டஸ்ட்ரியல்' என்று பெயர் வந்ததே இவர்களால்தான். 1976இல் தொடங்கிய தங்கள் கம்பெனிக்கு இண்டஸ்ட்ரியல் ரெக்கார்ட்ஸ் என்று பெயர் வைத்தார்கள். அதே வருஷம் லண்டனில் இவர்கள் நடத்திய கண்காட்சியைப் பார்த்துப் பதறி, நிக்கோலஸ் ஃபேர்பெர்ன் என்ற எம்.பி. இவர்களை 'நாகரிகத்தை நாசமாக்குகிறவர்கள்' என்றார். திட்டினாலும் ஒரு தரத்தோடு திட்டியிருக்கிறார், பாருங்கள். நமக்கு வாய்த்தது தேங்காய்ச் சட்னி.

ஒயரைப் பிடுங்காமல் இருந்திருந்தால் இன்னும் மூன்று பாட்டு தள்ளி என்ன வந்திருக்கும் தெரியுமா? 'ஹாட் ஆன் த ஹீல்ஸ் ஆஃப் லவ்'. சத்தியமாகச் சொல்கிறேன், நீங்கள் எழுந்து ஆடியிருப்பீர்கள். டிஸ்கோ மாதிரி ஓடும் சிந்தசைசர், அதன் மேல் மணி தட்டுவது போல மெல்லிய இசை, குழுவில் இருந்த பெண்ணான கோஸி ஃபானி டூட்டி காதோரம் வந்து கிசுகிசுக்கும் குரல். இனிமை. ஆனால் கவனமாகக் கேட்டால் அந்த இனிமைக்குப் பின்னால் யாரும் இல்லாத மாதிரி இருக்கும். கடை பூட்டிய பிறகும் எரிந்துகொண்டிருக்கும் சீரியல் விளக்கு மாதிரி. உடனே அடுத்த பாட்டு 'பர்சுவேஷன்'. இரண்டே சுரம், மெதுவாக, மாறாமல், நடந்துகொண்டே இருக்கிறது. அதன் மேல் குழுவின் நான்காவது உறுப்பினரான ஜெனெசிஸ் பி-ஆரிட்ஜின் குரல், யாரையோ வற்புறுத்தி வழிக்குக் கொண்டுவரும் ஓர் ஆளாகப் பேசுகிறது. கத்தவில்லை, மிரட்டவில்லை. அதனால்தான் வயிற்றைப் பிசைகிறது. முதல்முறை அதை என்னால் முடிவுவரை கேட்க முடியவில்லை. கேட்டீர்களா, நானே நிறுத்தியிருக்கிறேன். ஆனால் நிறுத்திவிட்டு வீடியோ போடவில்லை. அடுத்த வாரம் திரும்ப வந்து கேட்டேன்.

கிசுகிசுப்புக்கு அப்புறம் இந்த வற்புறுத்தல் வருவதுதான் விஷயமே. முந்தின பாட்டில் சொக்கிப்போனீர்களே, எதற்குச் சொக்கினீர்கள் என்று இது கேட்கிறது. தனித்தனியாக வெட்டிப் போட்டால் இது போய்விடும். நாற்பது நிமிடம் என்று நான் அடித்துக்கொள்வது இதற்காகத்தான்.

அடுத்து, ஜெனெசிஸ் விஷயம். இன்பாக்ஸில் இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள், நியாயமான கேள்வி. ஜெனெசிஸ் தன்னைக் கொடுமைப்படுத்தியதாகக் கோஸி 2017இல் வந்த தன்வரலாற்றில் எழுதினார். ஜெனெசிஸ் மறுத்தார், 2020இல் இறந்தும் போனார். நான் கோஸியை நம்புகிறேன். அப்புறம் ஏன் கேட்கிறாய் என்றால், அதில் கோஸியும்தானே வாசித்திருக்கிறார்! அவருடைய கார்னெட் என்ற ஊதுகருவி, அவருடைய கிட்டார், அவருடைய குரல். இந்தப் பதில் போதாது என்று எனக்கே தெரியும். 'பர்சுவேஷன்' இப்போது முன்பு கேட்ட மாதிரி கேட்பதில்லை. அதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் ஒன்று, ஞாயிற்றுக்கிழமை ஒயரைப் பிடுங்கியவர் இதற்காகப் பிடுங்கவில்லை. இப்போது இதைப் பிடித்துக்கொண்டு வராதீர்கள்.

"நம்ம ஊரில் இல்லாத சத்தமா? வெள்ளைக்காரன் போட்டால்தான் கலையா? சும்மா சீன் போடாதே." இதுதான் அதிகம் வலித்தது. யாரிடம் சீன் போட? எனக்கு இந்தக் குழுவின் பெயரை ஒழுங்காக உச்சரிக்கவே ஐந்து வருஷம் ஆயிற்று. வெள்ளைக்காரன் என்கிறீர்களே, ஒரு வேடிக்கை சொல்கிறேன். பெய்ஜிங்கைச் சேர்ந்த எஃப்எம்3 என்ற குழு, புத்தர் கோயில்களில் மந்திரம் ஓதும் சின்னப் பெட்டியைப் பார்த்து 'புத்தா மெஷின்' என்று ஒன்று செய்தது. த்ராபிங் கிரிஸல் அவர்களோடு சேர்ந்து, 2009இல் தங்கள் சத்தங்களையே அதே மாதிரிப் பெட்டிக்குள் போட்டு விற்றார்கள். நம் வீட்டுப் பூஜை அறையில் பிளக்கில் செருகினால் நாள் முழுக்கக் காயத்ரி சொல்லுமே, அதற்குத் தம்பி முறை. அந்தப் பெட்டி ஒரே வரியை ஆயிரம் தடவை சொன்னால் உங்களுக்கு மனம் ஒடுங்குகிறது. இவர்கள் இரண்டு சுரத்தை ஆறு நிமிடம் வாசித்தால் மட்டும் மிக்ஸியா? ஒப்பீடு சரியில்லை என்று சொல்வீர்கள். சொல்லுங்கள். நானும் மூன்று நாளாகச் சரியில்லாமல்தான் இருக்கிறேன்.

"பிடிக்கலைன்னா விடேன்யா, ஜோக்குக்கு ஏன் இவ்வளவு பெரிய பதிவு?" இதற்கும் பதில் இருக்கிறது. சுற்று வைத்து ஆளுக்கொரு மாதம் என்று பேசினோம். அவரவர் மாதத்தில் அவரவருக்குப் பிடித்த ஆல்பம், மற்றவர்கள் பேசாமல் கேட்க வேண்டும், முடிந்த பிறகு பேச்சு. இந்த விதியைச் சொன்னதே வீடியோ போட்ட நண்பர்தான். என் முறை வர எட்டு மாதம் காத்திருந்தேன். எந்த ஆல்பம் என்று ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டேன். பயந்தவர்கள் ஓடிவிடக் கூடாதே என்றுதான் இவர்களுடைய ஆல்பங்களிலேயே சாதுவான ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். ஆமாம், இதுதான் சாது! இரண்டு ஸ்பீக்கரையும் மூன்று மாடி நானே தூக்கிக்கொண்டு ஏறினேன். லிஃப்ட் வேலை செய்யவில்லை.

வீடியோ போட்ட நண்பா, உன் மாதத்தில் நான் என்ன செய்தேன்? ஒன்றரை மணி நேரம் தோடி. எனக்குக் கர்நாடக சங்கீதத்தில் ஆரோகணம் எது அவரோகணம் எது என்றே தெரியாது. கொட்டாவியை வாய்க்குள்ளேயே மென்று விழுங்கினேன். ஒருமுறைகூட மொபைலை எடுக்கவில்லை. முடிந்ததும், "அந்த நடுவில் ஒரு இடத்தில் இழுத்து நிறுத்தினாரே, அது என்னவோ செய்தது" என்றேன். உனக்கு முகம் மலர்ந்துபோய், அந்த இடத்தை மறுபடி போட்டுக் காட்டினாய். நான் பொய் சொல்லவில்லை, நிஜமாகவே அந்த இடம் என்னவோ செய்தது. இப்போதும் சில சமயம் வண்டி ஓட்டும்போது ஞாபகம் வரும்.

வீடியோவை எடுக்க வேண்டாம். அறுநூறு பேர் பார்த்தாயிற்று, இனி எடுத்து என்ன. அடுத்த மாதம் யார் முறை என்று குரூப்பில் போட்டுவிடுங்கள், எனக்கு வேலை இருக்கும் என்று நினைக்கிறேன். என் ஸ்பீக்கரின் சிவப்பு ஒயர் ஒன்று உன் வீட்டு மாடியில் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் கிடக்கும். மழை வருகிற மாதிரி இருக்கிறது. உள்ளே எடுத்து வை.