கல்வெட்டு வீண் செலவு இல்லை
ஒருவர் காலமாகி 31ஆம் நாள் கொடுக்கிற கல்வெட்டு, அதாவது அவரைப் பற்றிய நினைவுப் புத்தகம், எல்லாம் ஒரே மாதிரித்தான், பெயரை மாற்றிப் போட்டால் போதும் என்று இங்கே வந்த கட்டுரையில் எழுதியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. தேவாரமும், இறந்த திதியைச் சொல்லும் திதி வெண்பாவும் எல்லாவற்றிலும் வரும், அது சரி, ஆனால் வாழ்க்கை வரலாற்றை யார் எழுதுகிறார்கள் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. எங்கள் அம்மம்மா 94 வயதில் காலமானபோது அம்மாவும் சின்னம்மாவும் சொல்லச் சொல்ல நான்தான் எழுதினேன். 1995 ஒக்டோபர் 30 இரவு போரினால் யாழ்ப்பாணத்தின் வலிகாமப் பகுதியே எழும்பி நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்குப் போனபோது, அந்த மழைக்குள் அவர் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனது நகைப்பெட்டி இல்லை, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழும் சோதனைப் பெறுபேறுகளும் சுற்றிய பொலித்தீன் பை. ஆவணி பிறந்தால் பனங்களி பிழிந்து பாயில் ஊற்றிப் பனாட்டுப் போடுவார், காய்ந்ததற்கு மேலே திரும்பத் திரும்ப ஊற்ற வேண்டும், 90 தாண்டியும் காகம் கலைக்கக் கையில் தடியோடு பக்கத்திலேயே இருப்பார், வெளிநாட்டுப் பேரப்பிள்ளைகளுக்கு அதில் எப்போதும் தனிப் பங்கு. இதெல்லாம் எங்கள் கல்வெட்டில் இருக்கிறது. முகநூலில் ஒரு பதிவு போட்டால் போதாதா என்று கட்டுரைக்கு வந்த கருத்துகளில் ஒருவர் கேட்டிருக்கிறார். போதாது. கனடாவில் பிறந்த என் மச்சாளின் மகள் தன் பூட்டியான எங்கள் அம்மம்மாவை நேரில் கண்டதே இல்லை, அந்தப் புத்தகத்தை எழுத்துக் கூட்டி வாசித்துத்தான் அவரை அறிந்துகொண்டாள். அச்சுக்கூலி கட்டாது என்றால் வண்ணப் படங்களைக் குறையுங்கள், வரலாற்றில் மட்டும் கை வைக்காதீர்கள்.