பூட்ஸோடு தூங்கிய பிள்ளையின் கதை

தன்பாலீர்ப்பு கொண்ட ஒரு பெண், விளையாட்டு வீராங்கனையாக வளர்ந்த கதையைச் சொல்லிச் சிரிக்க வைக்கும் ஆங்கில ஸ்டாண்ட்-அப் நிகழ்ச்சி ஒன்றை, கல்லூரிக் கபடி அணியில் ஆடும் என் சித்தி மகளின் வற்புறுத்தலால் ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் ஊரில் எங்கள் வீட்டில் உட்கார்ந்து முழுவதுமாகப் பார்த்தேன். எனக்கு மிகவும் பிடித்திருந்தது. இருந்தாலும், அதில் அரங்கமே அதிர்ந்து சிரித்த நகைச்சுவை ஒன்றை நம் ஊர்ப்பக்கம் அப்படியே கொண்டுவரக் கூடாது என்று நினைக்கிறேன்.

பல ஆண்டுகள் மனத்துக்குள் ஒத்திகை பார்த்துவிட்டு, தனக்குப் பெண்களைத்தான் பிடிக்கிறது என்று அவர் அம்மாவிடம் சொல்கிறார். அம்மா தலையைக்கூட நிமிர்த்தாமல், "பத்து வயதில் நீ கால்பந்து பூட்ஸைக் கழற்றாமல் தூங்கினாயே, அன்றைக்கே தெரியும்" என்கிறார். தன் வாழ்க்கையைப் பற்றி அப்படிச் சிரிக்க அவருக்கு எல்லா உரிமையும் உண்டு. அந்தச் சிரிப்புக்கான விலையை அவருக்கு முன்னே வேறு சிலர் கொடுத்திருக்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்: டென்னிஸ் வீராங்கனை பில்லி ஜீன் கிங்கின் பெண்ணுறவு 1981இல் ஒரு வழக்கின் மூலம் அவர் விருப்பமின்றி வெளியானபோது, விளம்பர ஒப்பந்தங்கள் ஏறக்குறைய எல்லாமே அவர் கையை விட்டுப் போயின.

நம் கடற்கரையில் விளையாட்டையும் ஈர்ப்பையும் முடிச்சுப் போடும் அதே கணக்கு, பிள்ளைகளை மைதானத்திலிருந்து வீட்டுக்கு இழுக்கத்தான் பயன்படுகிறது. பாம்பன் சின்னப்பாலத்துப் பெண்கள் சேலைக்கு மேல் சட்டை போட்டு, விரல்களில் துணி சுற்றி, கண்ணாடி மாட்டிக்கொண்டு, மூச்சடக்கி மூழ்கிப் பாறையிலிருந்து பாசியைப் பிய்த்தெடுத்து வருகிறார்கள். அவர்களுடைய தோள்பட்டையைப் பார்த்து "ஆம்பளை மாதிரி" என்று ஒருவரும் சொல்வதில்லை. அது அடுப்பெரிக்கும் வருமானம். அதே தோள்பட்டை ஷார்ட்ஸ் அணிந்து கபடிக் களத்தில் நின்றால் மட்டும் வீட்டில் பேச்சு மாறுகிறது. நாளைக்கு யார் பெண் கேட்டு வருவார்கள் என்ற கேள்வி முதலிலும், 'அந்த மாதிரி' ஆகிவிடுவாளோ என்ற கிசுகிசு அடுத்ததாகவும் வரும். பெண்ணை விரும்பும் பிள்ளை, விரும்பாத பிள்ளை என்ற பேதமில்லாமல் இருவருக்கும் அத்துடன் ஆட்டம் முடிந்தது.

உடலைப் பற்றிய சந்தேகமும் மனத்தின் விருப்பமும் வேறு வேறு என்பது நம் டீக்கடைகளுக்கு இன்னும் எட்டவில்லை. பக்கத்து மாவட்டமான புதுக்கோட்டையின் சாந்தி சௌந்தரராஜன், 2006 தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வென்ற வெள்ளியைப் பாலினச் சோதனைக்குப் பின் இழந்தார். அதற்கும் யாரை விரும்புவது என்பதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. தன்பாலுறவு குற்றமல்ல என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பரில் தீர்ப்பளித்த பிறகு, 2019 மே மாதத்தில், ஒடிசாவின் ஓட்டக்காரர் தூத்தி சந்த் தன் பெண்ணுறவை வெளிப்படையாகச் சொன்னார். தேசியச் சாதனையாளரான அவருக்கும் எதிர்ப்பு சொந்த வீட்டிலிருந்தே வந்தது. அவர் அம்மா பூட்ஸைப் பற்றி வேடிக்கை பேசவில்லை.

மதுரையிலிருந்து சென்னைக்குப் போய்ச் சேர்ந்து வாழ்ந்த இரு பெண்களின் வழக்கில், 2021இல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தனக்கு இந்த விஷயத்தில் போதிய புரிதல் இல்லை என்று ஒப்புக்கொண்டு, உளவியல் ஆலோசகரிடம் தானே சென்று அமர்ந்தார். (நம் பள்ளிகளின் உடற்கல்வி ஆசிரியர்களுக்கும் அப்படி ஓர் அமர்வு வைத்தால் நன்றாக இருக்கும்.) பெற்றோர் கொடுத்த புகாருக்காக இத்தகைய இணையரைக் காவல்துறை அலைக்கழிக்கக் கூடாது என்பதும் அவர் வகுத்த நெறிகளில் ஒன்று.

நிகழ்ச்சியில் நான் மறுபடியும் ஓட்டிப் பார்த்த பகுதி வேறு. விஷயம் தெரிந்த பிறகு, உடை மாற்றும் அறையில் அணித்தோழிகள் முதுகைத் திருப்பிக்கொள்கிறார்கள். அவரும் சுவரைப் பார்த்தபடியே ஜெர்சியை மாட்டிக்கொள்ளப் பழகுகிறார். அந்த இடத்தில் அவர் நகைச்சுவையைத் திணிக்கவில்லை, கூட்டமும் சிரிக்கவில்லை. பிறகு பயிற்சியாளரிடம் போய் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொல்கிறார். முழுவதையும் கேட்டுவிட்டு அந்த மனிதர், "சரி, ஞாயிற்றுக்கிழமை மேட்சுக்கு வருவாய் இல்லையா? எனக்கு வேறு கோல்கீப்பர் கிடையாது" என்கிறார்.

இறக்குமதி செய்வதென்றால் இந்த நகைச்சுவையைச் செய்யலாம். பூட்ஸ் நகைச்சுவை, மகளை மைதானத்துக்கு அனுப்பலாமா என்று ஏற்கெனவே தயங்கும் தங்கச்சிமடத்துத் தாய் ஒருத்திக்கு, நிறுத்திவிடுவதற்கு இன்னொரு காரணத்தைத்தான் கொடுக்கும்.