கட்சி மாறினால் எம்.பி. பதவி போகாது
பிரிட்டனில் கட்சி மாறும் எம்.பி. கட்டாயம் இடைத்தேர்தலைச் சந்திக்க வேண்டும் என்று ஒரு கட்டுரையில் சொல்லியிருப்பது சரியல்ல. அங்கே கட்சித் தாவலுக்குத் தடைச் சட்டமே கிடையாது. எம்.பி.யைப் பதவியிலிருந்து திரும்ப அழைக்க 2015-இல் வந்த சட்டத்திலும், தொகுதியின் 10 சதவீத வாக்காளரிடம் கையெழுத்து கேட்பது சிறைத்தண்டனை, சபை இடைநீக்கம் போன்றவற்றுக்குத்தான்; கட்சி மாறுவது அதில் வராது.

கிளாக்டன் தொகுதி எம்.பி. டக்ளஸ் கார்ஸ்வெல் 2014 ஆகஸ்ட் 28 அன்று கன்சர்வேட்டிவ் கட்சியிலிருந்து யூகிப் (UKIP) கட்சிக்குப் போனபோது தானாகவே பதவி விலகினார். விலகுவதிலும் ஒரு சுற்றுவழி உண்டு. 1624-ஆம் ஆண்டு நாடாளுமன்றத் தீர்மானப்படி எம்.பி. நேரடியாக ராஜினாமா செய்ய முடியாது. நிதியமைச்சரிடம் எழுதிக் கேட்டு, சில்டர்ன் ஹண்ட்ரட்ஸ் அல்லது நார்த்ஸ்டெட் என்ற பெயரளவிலான அரச பதவியை ஏற்க வேண்டும். அந்த நொடியே தகுதி இழந்து தொகுதி காலியாகிவிடும். அக்டோபர் 9 இடைத்தேர்தலில் கிளாக்டனில் கார்ஸ்வெல் 12,404 வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தார். ஏழே மாதத்தில், 2015 பொதுத்தேர்தலில் அது 3,437 ஆகச் சுருங்கியது. என்னைக் கேட்டால், மக்களிடம் திரும்பிப் போன அவர் செய்ததுதான் நியாயம்.

பரி சவுத் தொகுதியின் கிறிஸ்டியன் வேக்ஃபோர்டு அப்படிச் செய்யவில்லை. 2019-இல் 402 வாக்கில் கன்சர்வேட்டிவாக ஜெயித்தவர், 2022 ஜனவரி 19 அன்று பிரதமர் கேள்வி நேரத்தில் பிரிட்டிஷ் கொடி போட்ட முகக்கவசத்தோடு லேபர் வரிசையில் போய் உட்கார்ந்தார், அவ்வளவுதான். 2024 வரை வாக்காளர்கள் காத்திருக்க வேண்டியதாயிற்று.